திருச்சியா, கோவையா? ஜூனுக்குள் முடிவு எடுக்க வேண்டும்

கணக்கு_நோட்டு:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அம்பத்தூரில் பதினேழு வருடமாகக் குடியிருக்கிறோம். கணவருக்கு 44 வயது. இங்கே தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். அந்த யூனிட்டை மூடி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டிலிருந்தே நாலு சின்ன கம்பெனிகளுக்கு டேலி, ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். என் வேலை எந்த ஊரிலும் ஓடும். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். இந்த ஜூனில் பள்ளி மாற்றினால்தான் உண்டு. அடுத்த வருடம் ஒன்பது, அதற்கப்புறம் பத்து, நடுவில் அவளைப் பிடுங்கி நட எனக்கு மனமில்லை.

அவருக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கோவையில் சின்னவேடம்பட்டிப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி, மாதம் 38,000. திருச்சியில் துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் ஃபேப்ரிகேஷன் செய்யும் இடம், 33,000.

சம்பளத்தை மட்டும் பார்த்தால் கேள்வியே இல்லை. ஆனால் மாமியார் கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். 72 வயது, சர்க்கரை உண்டு. என் கணவர் ஒரே பிள்ளை. போன கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, ராத்திரி முழுக்க எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்திருக்கிறார். காலையில் பால் ஊற்ற வந்தவர் குரல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பியிருக்கிறார். எங்களுக்கு ஃபோன் வந்து, நாங்கள் அங்கே போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆனது. எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த ஏழு மணி நேரம் பஸ்ஸில் என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

என் வழக்கப்படி ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு ஊரையும் எழுதிப் பார்த்துவிட்டேன். சம்பளம், வாடகை, தண்ணீர், வெயில், பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில், இன்னும் சில என்று ஒவ்வொரு வரிக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கூட்டினால் திருச்சி 61, கோவை 63. இந்த இரண்டு மார்க்கை நம்பி ஒரு குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் எந்த ஊர் நல்ல ஊர் என்று நான் கேட்கவில்லை. இந்த இரண்டு ஊரில் ஏதாவது ஒன்றுக்கு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள், வருவதற்கு முன் எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று சொல்ல முடியுமா?

_

மதுரையிலிருந்து_வந்தவன்:

2009-ல் மதுரையிலிருந்து கோவைக்கு வந்தேன். மெஷினிங் லைன்தான், இப்போது கணபதியில் ஒரு சூப்பர்வைசர் வேலை. உங்கள் கணவர் வேலைக்கும் என் வேலைக்கும் ரொம்ப தூரமில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் போட்ட வரிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இப்போது கிடைத்த வேலை போய்விட்டால் அடுத்த வேலை எங்கே? 44 வயதில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் நான் இருந்த கம்பெனி ஷட்டரை இறக்கியது. சம்பள பாக்கியும் வரவில்லை. நாற்பது நாள் கழித்து வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன். வீடு மாறவில்லை, பையன் பள்ளி மாறவில்லை, அதே டிவிஎஸ் வண்டியில் அதே ரோட்டில் இடது பக்கம் திரும்புவதற்குப் பதில் வலது பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். காரணம், இங்கே பம்ப் மட்டும் கிடையாது. மோட்டார், வெட் கிரைண்டர், ஃபவுண்டரி, வால்வு, டெக்ஸ்டைல் மெஷின், கார் பாகங்கள், எல்லாவற்றுக்கும் மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். கணபதி, சின்னவேடம்பட்டி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, மலுமிச்சம்பட்டி, அரசூர் என்று ஜாப் ஆர்டர் எடுக்கும் ஷாப்புகள் ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன. ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் தொழிலுக்கு சீசன் உண்டு. பொங்கலிலிருந்து மே வரை மூச்சு விட நேரமிருக்காது. நல்ல மழை பெய்து கிணறு நிறைந்தால் ஆர்டர் தூங்கிவிடும். ஓவர்டைமை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். அந்த 38,000-ல் எத்தனை அடிப்படைச் சம்பளம், எத்தனை ஓ.டி. (ஓவர்டைம்) என்று முதலில் கேளுங்கள்.

அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு அந்தப் பக்கம் போவது சுலபமாகிவிட்டது. சத்தி ரோடு அப்படி இல்லை. அந்த ரோட்டில் சரவணம்பட்டியில் மலிவாக வீடு கிடைத்தது என்று எடுத்துவிட்டு, காலை எட்டரை மணிக்கு அங்கே நின்று பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர். சின்னவேடம்பட்டி வேலைக்குப் போவதாக இருந்தால் வீட்டையும் அதற்குப் பக்கத்திலேயே பாருங்கள்.

தண்ணீர்: சிறுவாணித் தண்ணீர் ருசி உண்மைதான், ஆனால் எல்லா ஏரியாவுக்கும் சிறுவாணி வராது, பில்லூர் அணைத் தண்ணீர்தான் பாதி ஊருக்கு. 2017 கோடையில் சிறுவாணி அணை வறண்டு நாங்கள் பட்ட பாடு மறக்காது. வீடு பார்க்கும்போது எத்தனை நாளைக்கு ஒரு தரம் விடுகிறார்கள், சம்ப் எவ்வளவு பெரியது என்று கேட்டே தீரவேண்டும். வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். மாடியில் குடியிருப்பவரைக் கேளுங்கள்.

அம்மா விஷயம்: கோவையிலிருந்து மயிலாடுதுறை ஜனசதாப்தி காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கும்பகோணம் போய்விடும். ராத்திரி மன்னார்குடி செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, தஞ்சாவூரில் இறங்கிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை போகத் தாராளமாக முடியும்.

_

காவிரிக்கரை:

திருச்சிக்காரி. தண்ணீருக்கு இங்கே கவலையில்லை, கம்பரசம்பேட்டையில் ஆற்றுக்குள்ளேயே கிணறு போட்டு எடுக்கிறார்கள், பல வருடமாக வீட்டில் தண்ணீர் லாரி பார்த்ததில்லை. வெயில் மட்டும் உங்களைச் சோதிக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் மாடி வீட்டின் மேல்தளத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். கீழ்தளம் பாருங்கள் அக்கா.

_

துவாக்குடி_ஃபிட்டர்:

இருபத்தாறு வருடமாகத் துவாக்குடியில் இருக்கிறேன். ஃபிட்டராக ஆரம்பித்து, சொந்தமாகச் சின்ன ஷெட் போட்டு, அதை விற்று, இப்போது மறுபடி ஒரு இடத்தில் சம்பளத்துக்கு இருக்கிறேன். மதுரைத் தம்பி சொன்ன கேள்வி சரியான கேள்வி. எங்கள் ஊருக்கு அதுதான் கஷ்டமான கேள்வி. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

இங்கே எல்லாம் பெல் (BHEL) என்ற மத்திய அரசு பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்தது. 1965-ல் பாய்லர் உற்பத்தி ஆரம்பித்தார்கள். அதற்கு வேண்டிய ஸ்டீல் வேலையை வெளியில் கொடுக்கக் கொடுக்க, துவாக்குடி, திருவெறும்பூர் முழுக்க ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளாக வளர்ந்தன. நாட்டில் அனல்மின் நிலையம் கட்டினால் எங்கள் தெருவில் டீக்கடை நிறையும். 2012-க்கு அப்புறம் புது அனல்மின் நிலையங்களுக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. அந்த வருடங்களில்தான் என் ஷெட்டை விற்றேன். பதினெட்டுப் பேர் வேலை பார்த்த இடம். நல்ல நல்ல வெல்டர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். இப்போது இரண்டு மூன்று வருடமாக மறுபடி பெரிய ஆர்டர்கள் வர ஆரம்பித்து ஷெட்டுகளில் வெளிச்சம் தெரிகிறது. உங்கள் கணவருக்கு இந்த வேலை வந்திருப்பதும் அதனால்தான். ஆனால் அலை இறங்கினால் எல்லா ஷெட்டும் ஒரே நேரத்தில் இறங்கும். கோவையில் இருக்கிற மாதிரி இடது பக்கம் போச்சு, வலது பக்கம் திரும்பு என்பது இங்கே இல்லை.

சரி, அதனால் வரவேண்டாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் கணவர் மெஷினிங் குவாலிட்டி. வெர்னியர், மைக்ரோமீட்டர், சிஎம்எம் என்று அளவு பார்க்கும் கருவிகள் எல்லாம் அவருக்குக் கைவந்திருக்கும். இங்கே முக்கியமாகப் பார்ப்பது வெல்டு. பாய்லரில் பிரஷர் தாங்கும் பாகம் என்றால் ஐபிஆர் (இந்திய பாய்லர் ஒழுங்குமுறை) விதிப்படி ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் கணக்கு உண்டு. அல்ட்ராசோனிக், ரேடியோகிராபி, டை பெனட்ரன்ட், மேக்னடிக் பார்ட்டிகிள் என்று பொருளை உடைக்காமல் சோதிக்கிற முறைகள், மொத்தமாக என்டிடி என்போம். இதில் லெவல் 2 சான்றிதழ் வைத்திருக்கிறவனுக்கு இங்கே ஷெட் படுத்தாலும் கவலையில்லை. ரிஃபைனரி, பைப்லைன், கப்பல் கட்டும் தளம், காற்றாலைக் கோபுரம், எங்கே வெல்டிங் நடக்கிறதோ அங்கெல்லாம் இன்ஸ்பெக்ஷனுக்குக் கூப்பிடுவார்கள். நான் ஷெட்டை விற்ற காலத்தில் என்னிடம் இன்ஸ்பெக்டராக இருந்த பையன்தான் எனக்கே கடன் கொடுத்தான். பெல் வளாகத்துக்குள் 1975-லிருந்து வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, வெளியாட்களுக்கும் இந்தப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். குவாலிட்டி அனுபவம் இருக்கிறவருக்கு இது புது பாஷை இல்லை. சேரும் முன்பே முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள்: எனக்கு அல்ட்ராசோனிக் லெவல் 2 படிக்க லீவும் பாதிச் செலவும் தருவீர்களா என்று. தருகிறேன் என்றால் அந்த 5,000 வித்தியாசத்தை மறந்துவிடலாம். முகத்தைச் சுளித்தால் கோவைக்குப் போங்கள், நானே சொல்கிறேன்.

இன்னொன்று, ஊர்க்காரனுக்கு மட்டும் தெரிந்தது. பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் வந்துவிட்டது, கும்பகோணம் போக ஊரைச் சுற்ற வேண்டுமே என்று பயப்படாதீர்கள். தஞ்சாவூர் பஸ் எல்லாம் துவாக்குடி வழியாகத்தான் போகும். வாசலில் ஏறி, தஞ்சாவூரில் மாறினால் இரண்டரை மணி நேரத்தில் கும்பகோணம். திருவெறும்பூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் நிற்கும், மாறவே வேண்டாம். நடுராத்திரி ஃபோன் வந்தால்கூட உங்கள் கணவர் விடிவதற்குள் அம்மாவின் பக்கத்தில் இருப்பார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் சர்வீஸ் ரோடு கேட்டு இந்தப் பக்கத்து ஜனங்கள் எத்தனையோ வருடமாகப் போராடுகிறார்கள். குறுக்கே கடக்கும்போது அடிபட்டவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகளின் பள்ளி சாலையின் எந்தப் பக்கமோ, வீடும் அதே பக்கம் இருக்க வேண்டும். வாடகை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

_

மாடிவீடு:

எல்லோரும் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன் என் அம்மாவை மன்னார்குடியிலிருந்து கோவைக்குக் கூட்டிவந்தேன். சரவணம்பட்டியில் இரண்டாவது மாடி வீடு. லிஃப்ட் இருந்தது, ஏசி இருந்தது, நல்ல டாக்டர் பத்து நிமிடத்தில். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் அம்மா சாயந்திரம் வரை ஒரு மனித முகம் பார்க்க மாட்டார். ஊரில் திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இங்கே பக்கத்து ஃபிளாட் கதவு ஒரு நாளும் திறந்ததில்லை. எட்டு மாதத்தில் பாதியாக இளைத்துப்போனார். டாக்டர் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றார். ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது மன்னார்குடியில்தான் இருக்கிறார். காலையும் சாயந்திரமும் வந்து போக ஒரு அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

கோவை மேல் எனக்குக் குறையில்லை, எனக்கு வாழ்க்கை கொடுத்த ஊர். ஆனால் அம்மாவிடம் நான் ஒரு தடவைகூட 'உனக்கு எங்கே இருக்கணும்?' என்று கேட்கவில்லை. அவருக்கு நல்லது எது என்று எனக்கே தெரியும் என்று நினைத்தேன். உங்கள் நோட்டில் உங்கள் மாமியாரின் கையெழுத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா?

_

கணக்கு_நோட்டு:

மாடிவீடு தோழி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நோட்டை மூடிவைத்துவிட்டேன். இல்லை. ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கு ராத்திரியே அத்தைக்கு ஃபோன் பண்ணினேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: அத்தை, நாங்கள் திருச்சிக்கு வந்தால் கூட வருவீர்களா, கோவைக்குப் போனால் வருவீர்களா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'கோயம்புத்தூர்ல எனக்கு யாரைத் தெரியும்? திருச்சின்னா என் சித்தி மக ஸ்ரீரங்கத்துல இருக்கா. ஆனா வீட்டைப் பூட்டிட்டு வரமாட்டேன். பத்து நாள் அங்க, இருபது நாள் இங்க, அப்படின்னா வரேன்' என்றார். பத்து நாள் அங்கே, இருபது நாள் இங்கே என்ற ஏற்பாடு எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. வந்தால் ஒரேயடியாக வரவேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் ஓடவேண்டும் என்று இரண்டே வழிதான் யோசித்தோம். கோவையிலிருந்து அப்படி மாதா மாதம் அவரை ரயிலில் அலைக்கழிக்க முடியாது. திருவெறும்பூரிலிருந்து முடியும்.

துவாக்குடி அண்ணன் சொன்னபடி என் கணவர் அந்தக் கம்பெனிக்குப் பேசினார். ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு அல்ட்ராசோனிக் பயிற்சிக்கு லீவு தருகிறோம், செலவில் பாதியும் தருகிறோம், பதிலுக்கு இரண்டு வருடம் இருக்கவேண்டும் என்றார்கள். எழுத்தில் தரமுடியுமா என்று இவர் கேட்டிருக்கிறார். பொதுவாக இவர் இப்படியெல்லாம் கேட்கிற ஆள் கிடையாது. ஆஃபர் லெட்டரில் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

மதுரைக்காரத் தம்பி, உங்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கோவைச் சம்பளத்தைப் பிரித்துக் கேட்டோம். 38,000-ல் ஏழாயிரத்துக்கு மேல் ஓ.டி. கையில் நிலையாக வருவது 31,000-க்கும் குறைவு. எங்கள் கணக்கில் கோவை முன்னால் நின்றதே அந்த ஓவர்டைமில்தான். பதினேழு வருடமாகப் பிறர் கணக்கைப் பார்க்கிற நான் இதைக் கவனிக்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அதனால் திருச்சி என்று முடிவு செய்துவிட்டோம். அலை இறங்கும் பயம் எனக்குப் போகவில்லை. அந்தச் சான்றிதழ் கைக்கு வரும் வரை, என்னிடம் கணக்குக் கொடுக்கும் நாலு பேரையும் விடாமல், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து வைக்கப் போகிறேன். துவாக்குடியில் ஜிஎஸ்டி பார்க்க ஆள் தேடும் ஷெட்டுகள் இருந்தால் அண்ணன் சொல்லவேண்டும்.

சித்திரை பிறந்ததும் மூன்று நாள் போய் வீடு பார்க்கப் போகிறோம். அத்தையும் கும்பகோணத்திலிருந்து பாசஞ்சரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேண்டியது: கீழ்தளம், தனி ஈபி மீட்டர் (சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்கும் வீடு வேண்டாம், அம்பத்தூரில் போதும் போதும் என்று ஆகிவிட்டது), குளியலறையில் வழுக்காத தரை, வாசலில் உட்கார ஒரு திண்ணையோ படியோ. காட்டூர், திருவெறும்பூர் பக்கம் 10,000-க்குள் கிடைக்குமா? அட்வான்ஸ் எத்தனை மாதம் கேட்பார்கள்?

_

துவாக்குடி_ஃபிட்டர்:

கிடைக்கும். திருவெறும்பூர் ஸ்டேஷன் பக்கம் உள்தெருக்களில் பழைய தனி வீடுகள் இருக்கின்றன, 8,500-லிருந்து. அட்வான்ஸ் ஐந்து மாதம் கேட்பார்கள், மூன்றுக்குப் பேசுங்கள். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லுபடியாகிவிடும், அதனால் எழுதும் முன் படியுங்கள். ஜிஎஸ்டிக்கு ஆள் தேடுகிற ஷெட் எனக்குத் தெரிந்து மூன்று இருக்கிறது. பள்ளி எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு வாருங்கள், அதற்கு ஏற்ற தெருக்களாக நான் பார்த்து வைக்கிறேன்.